தேங்காய்பட்டணம் முதல் விழிஞ்ஞம் வரை: ஆவணிக் கடலில் ஐந்து நாள்

நாள் 1: ஆகஸ்ட் 28, 2025, வியாழன். தேங்காய்பட்டணம்

கடல்பறவை பார்க்க ஐந்து நாள் போகிறேன் என்றதும் வீட்டில் ஒரே சிரிப்பு. "அதுக்கு எதுக்கும்மா அஞ்சு நாள்? மீன் சந்தையில போய் நின்னா காக்காயும் பருந்தும் மண்டுதே" என்றான் மகன். முப்பத்தொரு வருடம் பள்ளியில் புவியியல் நடத்தியவள் நான். தென்மேற்குப் பருவக்காற்றுக்கு அம்புக்குறி போட்டே எத்தனை கரும்பலகையை நிரப்பியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்த அம்புக்குறியின் கூடவே பறவைகளும் வருகின்றன என்று தெரிந்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

மார்த்தாண்டத்திலிருந்து காலை பஸ்ஸில் கிளம்பி ஏழரைக்குத் தேங்காய்பட்டணம். குழித்துறையாறு என்று நாங்கள் சொல்லும் தாமிரபரணி கடலில் சேரும் இடம். மழை விட்டிருந்தது, ஆனால் வானம் இன்னும் முடிவு செய்யவில்லை. மணல்திட்டில் ஆலாக்கள் முப்பது, நாற்பது இருக்கும், எல்லாம் காற்றைப் பார்த்து ஒரே திசையில் உட்கார்ந்திருந்தன, பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி. பெரும்பாலும் கொண்டை ஆலா. மஞ்சள் அலகு, பின்தலையில் எண்ணெய் வைக்காத முடிபோலச் சிலிர்த்த கறுப்பு. கடற்காகம் ஒன்றுகூட இல்லை. அது சரிதான். பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக், திபெத் ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு நம் பக்கம் வர ஐப்பசி ஆகும்.

ஆனால் நான் தேடி வந்தது இவற்றை அல்ல. ஆலாவும் கடற்காகமும் கரையைத் தொட்டு வாழ்பவை. நடுக்கடல் பறவை என்று ஒரு இனம் இருக்கிறது. முட்டையிடத்தான் அது நிலத்துக்கு வரும், மற்ற நாளெல்லாம் தண்ணீர்தான் வீடு, வாசல், படுக்கை. அலையை இறக்கை நுனியால் கிழிப்பதுபோலப் பறக்கும் ஒன்றை மலையாளத்தில் திரைவெட்டி என்கிறார்கள். தண்ணீர்மேல் கால் வைத்து நடப்பதுபோலப் போகும் குட்டிப் பறவைக்குக் காற்றிளக்கி என்று பெயர். என்ன பெயர்கள்! 1956 நவம்பர் வரை நாங்களும் திருவிதாங்கூர்-கொச்சிதானே, கடன் வாங்குவதில் வெட்கமில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் பெயர்களையே வைத்துக்கொள்கிறேன்.

ஆனி முதல் ஆவணி வரை இவை நம் கரைக்கு ஓரளவு அருகே வரும். இதற்குக் காரணம் அந்த அம்புக்குறிதான். பருவக்காற்று கரையோரமாக வீசும்போது மேல்நீர் கரையை விட்டு வெளியே தள்ளப்படுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வரும். அடிக்கடலில் தங்கிய உரம் எல்லாம் அதோடு மேலே வரும். வெயில் பட்டதும் நுண்பாசி பூக்கும், அதைத் தின்ன சாளையும் (மத்தி) நெத்தோலியும் கூடும், அதைத் தின்ன சூரை, அதன் தலைக்கு மேலே பறவை. அந்தப் பறவையைப் பார்த்து வள்ளம். கடைசிக் கண்ணி நம் மதியச் சோற்றுக் குழம்பு.

துறைமுகத்தில் கூட்டம் குறைவு. ஜூலை 31இல் தடைக்காலம் முடிந்து பெரிய விசைப்படகுகள் எல்லாம் ஆழ்கடலுக்குப் போய்விட்டன. கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அக்காவிடம் சாளை கேட்டேன். "சாளை உண்டு டீச்சர். ஆனா பாருங்க, விரல் நீளம்தான். இதை வாங்கி நீங்க என்னத்த செய்ய?" விற்கிறவரே இப்படிச் சொன்னால் எப்படி!

சாளையின் கதை தனியாகவே எழுதலாம். 2012இல் கேரளத்தில் மட்டும் 3.9 லட்சம் டன் சாளை பிடிபட்டது. 2021இல் அது 3,297 டன். எழுத்துப்பிழை இல்லை, ஆயிரங்கள்தான். கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பசிபிக் கடல் சூடேறும் எல் நினோவையும் நம் கடல் சூட்டையும் காரணமாகச் சொன்னது. ஆனால் பழியை எல்லாம் வெயில் தலையில் போட்டுவிட்டால் நமக்கு வசதி. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கூடாது என்று கேரளத்தில் சட்டமே இருக்கிறது, அது எதற்கு வந்தது? பிறகு சாளை திரும்பி வந்தது. வந்ததிலும் குஞ்சு மிகுதி.

நாள் 2: ஆகஸ்ட் 29, வெள்ளி. வள்ளவிளை, நீரோடி, தெக்கே கொல்லங்கோடு

இரவு தூத்தூரில் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டில் தங்கினேன். மரச்சீனிக் கிழங்கும் அயிலைக் கறியும். அவளுடைய மாமனார் நாற்பது வருடம் சுறாத் தொழிலுக்குப் போனவர். தூத்தூர், வள்ளவிளை, நீரோடி என்று இந்த எட்டு ஊர்க்காரர்களும் ஒரு மாதம் சேர்ந்தாற்போலக் கடலில் கிடப்பவர்கள். லட்சத்தீவைத் தாண்டி அரபிக்கடல் முழுக்க அவர்களுக்கு வழி தெரியும். இந்தியாவில் நடுக்கடல் பறவைகளை அதிகம் பார்த்தவர்கள் யார் என்று என்னைக் கேட்டால், பைனாகுலர் வைத்திருப்பவர்களை அல்ல, இவர்களைத்தான் சொல்வேன்.

பெரியவரிடம் செல்போனில் படங்களைக் காட்டினேன். கடல்வாத்து படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். வெள்ளை உடம்பு, கறுப்பு இறக்கை, முகமூடி போட்டதுபோன்ற முகம். "இவனா? லட்சத்தீவுக்கு அங்கோட்டு போனா வந்து போட்டுல இருப்பான். கையால பிடிக்கலாம். பயமே கிடையாது. மீனைத் தின்னுட்டு, அங்கேயே வெளிக்கும் இருந்துட்டு, விடிஞ்சா போவான்." ஸ்பானிய மாலுமிகள் இந்த இனத்துக்கு முட்டாள் என்று பொருள்படும் பெயரைத்தான் வைத்தார்கள், ஆங்கிலப் பெயரும் அதிலிருந்து வந்ததே. மனிதனைப் பார்த்துப் பயப்படாத உயிரை முட்டாள் என்று சொன்னது யாருடைய குறை என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

"இதெல்லாம் எப்பம் வரும் மாமா, கணக்கு உண்டா?" என்று கேட்டேன். "பறவைக்குக் கணக்கு உண்டு. காத்துக்குத்தான் இப்பம் கணக்கு இல்ல" என்றார். மேற்கொண்டு அவர் சொன்னது ஒக்கி புயல் பற்றி. 2017 நவம்பர் 29, 30. எச்சரிக்கை கரைக்கு வந்தபோது படகுகள் நடுக்கடலில் இருந்தன. இந்த வரிசையில் எந்தத் தெருவில் நடந்தாலும் சுவரில் மாலை போட்ட இளைஞனின் படம் ஒன்றாவது இருக்கும். அரபிக்கடல் அமைதியான கடல், புயல் எல்லாம் வங்காள விரிகுடாவில்தான் என்று நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள். 1982 முதல் 2000 வரையிலான காலத்தோடு ஒப்பிட்டால், 2001 முதல் 2019 வரை அரபிக்கடலில் புயல்கள் 52 சதவீதம் கூடியிருப்பதாகப் புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். என்னிடம் படித்த பிள்ளைகளில் அந்த இரவு எத்தனை பேர் கடலில் இருந்தார்கள் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

காலையில் ஆட்டோ பிடித்து நீரோடி. தமிழ்நாடு அங்கே முடிகிறது. கடற்கரையில் எல்லை என்று ஒன்றும் தெரியாது. இந்தப் பக்கம் தூண்டில் வளைவுகள், கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருப்பவை. அந்தப் பக்கம் கேரளத்தின் தெக்கே கொல்லங்கோடு. அங்கே முன்பு கரையோரச் சாலை ஒன்று இருந்தது, பொழியூருக்கு நேரே போகும். இப்போது சாலை பாதியில் கடலுக்குள் இறங்கி நிற்கிறது. வீட்டின் முன்சுவர் போய், உள்ளே பச்சை பெயிண்ட் அடித்த அறையும் சுவரில் மாதா படம் மாட்டிய ஆணியும் வெளியே தெரிகின்றன. இந்தப் பக்கத்து வளைவுகள் தடுத்த அலை அந்தப் பக்கம் போய் அடிக்கிறது என்பது அந்த ஊர்க்காரர்களின் நெடுநாள் மனக்குறை. மணல் போனால் ஆலாவுக்கும் உட்கார இடமில்லை. கல்லின்மேல் ஒற்றை ஆலா இருந்தது. நான் நின்ற அரைமணி நேரமும் அது தனியாகவே இருந்தது.

மீதி இருந்த மணலில் குனிந்து பார்த்தேன். அரிசிமணி அளவில், பாதி ஊடுருவித் தெரியும் வெள்ளைப் பிளாஸ்டிக் குருணை. மே 25ஆம் தேதி விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி போகும் வழியில் எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 640 பெட்டகங்களோடு மூழ்கியது நினைவிருக்கும். அதிலிருந்து கொட்டிய குருணை திருவனந்தபுரம் கரையிலும் குமரி மேற்குக் கரையிலும் ஒதுங்கியது. சல்லடை வைத்து அள்ளினார்கள், மூட்டை மூட்டையாக. மூன்று மாதம் கழித்தும் ஒரு பிடி மணலில் பதினொன்று எண்ணினேன். அதை ஒரு பழைய மாத்திரை டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டேன். நாளைக்கு இதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்தக் கப்பல் மூழ்குவதற்கு முந்தின நாள், மே 24இல், கேரளத்தில் பருவமழை தொடங்கியிருந்தது. வழக்கமான நாள் ஜூன் 1. 2009க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்தது இந்த வருடம்தான்.

மாலையில் ஊரம்பு வழியாகச் சுற்றிப் பூவார், அங்கிருந்து கேரள அரசு பஸ்ஸில் விழிஞ்ஞம். ஓணத்துக்கு இன்னும் ஒரு வாரம், பஸ் முழுக்க ஜவுளிப் பை. உட்கார இடம் கிடைக்கவில்லை.

நாள் 3: ஆகஸ்ட் 30, சனி. கடல்

விடியற்காலை நாலரை. வள்ளக்காரர் நீரோடிக்காரர். சொந்தக் கரையில் அலை ஏறும்போது வள்ளம் இறக்க முடியாது என்பதால் மழைக்காலத்தில் விழிஞ்ஞத்திலிருந்து தொழில் செய்கிறார், அந்தப் பக்கத்தில் பலரும் அப்படித்தான். மாணவியின் சொந்தக்காரர் என்பதால் எனக்கு இடம் கிடைத்தது. மண்ணெண்ணெய்ச் செலவு என்னுடையது, மீன் கிடைத்தால் அவருடையது என்று பேச்சு. கூட அவர் மகனும் இன்னொரு பையனும். "பெண்ணுங்க வள்ளத்துல ஏறக்கூடாதுன்னு பழையவங்க சொல்லுவினும். டீச்சர்னா சாரமில்ல" என்றார். பதவி உயர்வாக எடுத்துக்கொண்டேன். உயிர்காக்கும் மேலங்கி ஒன்று கொடுத்தார்கள், அதில் மத்தி வாசம்.

துறையைத் தாண்டும்போது புதிய துறைமுகத்தின் ராட்சதப் பாரந்தூக்கிகள் விளக்கு போட்டு நின்றன. மே 2இல் திறப்பு விழா நடந்தது. பன்னாட்டுக் கப்பல் பாதை இங்கிருந்து பத்து கடல்மைல்தான், அதுதான் இந்த இடத்தின் மவுசு. ஃபைபர் வள்ளத்தில் உட்கார்ந்து சரக்குக் கப்பலை அண்ணாந்து பார்த்தால் அது கப்பலாகத் தெரியாது, தெருவாகத் தெரியும்.

முதல் ஒன்றரை மணி நேரம் நான் பறவை பார்க்கவில்லை. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குடித்த கட்டன் சாயாவைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்தேன். பையன்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள். "தூரத்த பாருங்க டீச்சர், கிட்டத்த பாக்காதிங்க" என்றார் வள்ளக்கார அண்ணன். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் தெளிந்தது.

கரை மறைந்தபின் தண்ணீரின் நிறம் மாறியது. பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல ஒரு வரி. இரண்டு நீரோட்டம் உரசும் இடம். நுரை, கோரை, செருப்பு, தெர்மாகோல் துண்டு எல்லாம் அந்த வரியில்தான் சேர்ந்து கிடந்தன. அந்த வரியில்தான் பறவையும். முதலில் பம்பரக்காடை, பதினைந்து இருக்கும். உள்ளங்கை அளவு உடம்பு, தண்ணீரில் பம்பரம் சுற்றுவதுபோலச் சுற்றிச் சுற்றி அடியிலிருந்து பூச்சியைக் கிளப்பித் தின்னும். வடதுருவத்தின் பக்கத்துச் சதுப்பில் குஞ்சு பொரித்துவிட்டு அரபிக்கடலுக்குக் குளிர்காலம் கழிக்க வந்தவை. ஆவணியிலேயே வந்துவிட்டன.

தெர்மாகோல் துண்டின்மேல் ஒரு ஆலா நின்றுகொண்டிருந்தது. முதுகு புகைநிறம், கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு. நடுக்கடல் ஆலா. மிதக்கும் கட்டையின்மேல் நின்று இளைப்பாறுவது இதன் பழக்கம். காலங்காலமாகக் கட்டை, இப்போது தெர்மாகோல். அது எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. அலை தூக்கும்போது தானும் உயர்ந்து, அலை இறங்கும்போது மறைந்து, பஸ்ஸில் தொங்கிப் பழகின கண்டக்டரைப்போல நின்றது.

எட்டேகாலுக்கு அண்ணன் எஞ்சினைக் குறைத்தார். "அங்கோட்டு பாருங்க. கறுப்பன்." எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு அலைப் பள்ளத்திலிருந்து அது எழுந்தது. காக்கையைவிட நீண்ட இறக்கை, உடம்பு முழுக்கக் கரும்பழுப்பு, வெளிறிய அலகின் நுனி மட்டும் கறுப்பு. இறக்கையை அடிக்கவே இல்லை. ஒரு பக்கம் சாய்ந்து, இறக்கை நுனி தண்ணீரைத் தொடுமோ தொடாதோ என்று போய், அடுத்த அலையின் காற்றை வாங்கி மேலே ஏறி, மறுபக்கம் சாய்ந்து. திரைவெட்டி. வேறென்ன பெயர் வைக்க முடியும்? ஒன்று, மூன்று, ஏழு. எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இந்தக் கரும்பழுப்புத் திரைவெட்டி குஞ்சு பொரிப்பது ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கத்துத் தீவுகளில், மண்ணில் தோண்டிய வளைக்குள். அங்கே குளிர்காலம் தொடங்கும்போது மேற்கு ஆஸ்திரேலியப் பறவைகள் இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே கடந்து நம் பருவமழைக் கடலுக்கு வருகின்றன. இன்னும் சில வாரத்தில் திரும்பிவிடும், வளையைச் சுத்தம் செய்ய வேண்டுமே. இப்போது யோசித்துப் பாருங்கள். இது அங்கிருந்து கிளம்பும் நாளை முடிவு செய்வது அந்த ஊரின் பகல்நீளமும் குஞ்சு வளர்ந்த கணக்கும். இங்கே குளிர்நீர் மேலே ஏறும் நாளை முடிவு செய்வது நம் காற்று. இரண்டும் வெவ்வேறு கடிகாரம். ஒன்றை ஒன்று பார்த்து முள் திருத்திக்கொள்ள வழியில்லை. ஆயிரக்கணக்கான வருடமாக இரண்டும் ஏறத்தாழ ஒரே மணி காட்டின, அவ்வளவுதான். அதை நம்பித்தான் அந்தப் பறவை கடலைக் கடக்கிறது.

இப்போது ஒரு கடிகாரம் ஓடும் விதம் மாறுகிறது. 1950 முதல் 2020 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேல்நீர் நூறு வருடத்துக்குச் சுமார் 1.2 டிகிரி என்ற வேகத்தில் சூடாகியிருக்கிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஊர்க் கிணற்றில் சித்திரை மாதம் குளித்தவர்களுக்கு இது புரியும். மேலே தண்ணீர் வெதுவெதுப்பு, முங்கினால் காலில் ஐஸ். சூடான நீர் லேசானது, மேலேயே கிடக்கும், கீழுள்ள குளிர்நீரோடு கலக்காது. கலக்காவிட்டால் அடியிலுள்ள உரம் மேலே வராது, பாசி பூக்காது. அரபிக்கடல் உள்ளிட்ட மேற்கு இந்தியப் பெருங்கடலில் நுண்பாசியின் விளைச்சல் அறுபது வருடத்தில் 20 சதவீதம் வரை குறைந்திருப்பதாக 2016இல் ஒரு ஆய்வு சொன்னது. வயல் அங்கேயே இருக்கிறது, விளைச்சல் குறைகிறது. வருகிற விருந்தாளிக்கு அது தெரியாது.

அண்ணனிடம் இதை என் வாத்தியார் பாணியில் விளக்கினேன். அவர் பாதி கேட்டார். "டீச்சர், எனக்க அப்பன் காலத்துல ஆலா எங்க விழுதோ அங்க வலை. வேற படிப்பு ஒண்ணும் இல்ல. இப்பம் சாட்டலைட் பாத்து மெசேஜ் வருது, இன்ன இடத்துல மீன் உண்டுன்னு." ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் செயற்கைக்கோளில் நீரின் சூட்டையும் பாசியின் நிறத்தையும் பார்த்து அனுப்பும் தகவல் அது. "போனா சில நாள் இருக்கும். சில நாள் நமக்கு முந்தி நூறு வள்ளம் இருக்கும்" என்று சிரித்தார். "பறவை பொய் சொல்லாதுன்னு அப்பன் சொல்லுவாரு. இப்பம் பறவையே ஏமாந்து போவுது."

அவர் எதை நினைத்துச் சொன்னாரோ, எனக்கு என் மாத்திரை டப்பா நினைவுக்கு வந்தது. திரைவெட்டியும் காற்றிளக்கியும் மூக்கால் மீன் தேடுபவை. நுண்பாசியைப் பூச்சிகள் மேயும்போது கடலிலிருந்து ஒரு கந்தக வாசம் கிளம்பும். கருவாட்டுக் கடை பக்கம் போகும்போது வருமே, ஏறத்தாழ அந்தச் சாயல். பல கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே அதை மோப்பம் பிடித்து வரும் என்று 1990களில் கண்டறிந்தார்கள். கடலில் கொஞ்ச நாள் கிடந்த பிளாஸ்டிக்கின்மேல் பாசி படிந்ததும் அதே வாசம் அதிலிருந்தும் வரும் என்பது 2016இல் தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில், இதே கரும்பழுப்புத் திரைவெட்டியின் குஞ்சுகளுக்குத் தாய் தகப்பன் ஊட்டிய பிளாஸ்டிக்கால் இரைப்பையில் தழும்பு விழுந்திருப்பதை 2023இல் பதிவு செய்து, அதற்கு நோய் என்று ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். எனக்கு மாத்திரை வாசம்தான் வந்தது.

காற்றிளக்கி வந்தது ஒன்பதரைக்கு. தகைவிலான் அளவுதான், சுமார் 40 கிராம், ஒரு சின்னக் கோழிமுட்டையைவிடக் குறைவு. வாலுக்கு மேலே வெள்ளைப்பட்டை. நான்கு பறவைகள், வள்ளத்துக்கு இருபது அடியில், இறக்கையைத் தூக்கிப் பிடித்தபடி காலால் தண்ணீரைத் தட்டித் தட்டி ஆடின. இது வருவது அண்டார்டிகாவிலிருந்து. அங்கே பாறை இடுக்கில் ஒற்றை முட்டையிடும். பருவம் தப்பிய பனிப்புயல் இடுக்கின் வாயை அடைத்துவிட்டால் உள்ளே குஞ்சு பட்டினி. நம் ஆவணிக் கடலில் ஆடும் ஒரு பறவையின் நல்லது கெட்டது, பூமியின் மறுமுனையில் எவ்வளவு பனி விழுந்தது என்பதிலும் தொங்குகிறது. பையன்களில் ஒருவன் செல்போனில் வீடியோ எடுத்தான். "மாதாவே, இது தண்ணியில நடக்குது" என்றான். ஏசுவை நோக்கித் தண்ணீரில் நடந்த பீட்டரின், அதாவது இராயப்பரின், நினைவாக இந்த இனத்துக்கு ஐரோப்பிய மாலுமிகள் பெயர் வைத்ததாக ஒரு கதை உண்டு என்றேன். இராயப்பர் மூழ்கத்தானே செய்தார், இது மூழ்கவில்லையே என்று அவன் திருப்பிக் கேட்டான். பதில் இல்லை.

பதினொரு மணிக்குத் திரும்பினோம். சூரை இரண்டு கிடைத்தது, அதுவும் தூண்டிலில். மண்ணெண்ணெய்க் காசுக்குக்கூடத் தேறாது. இன்னும் மேற்கே போயிருந்தால் கிடைத்திருக்கும், என்னால்தான் போகவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை.

நாள் 4: ஆகஸ்ட் 31, ஞாயிறு. விழிஞ்ஞம்

ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்கத் துறையில் வள்ளம் இறங்காது. உடம்பு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, கட்டிலில் படுத்தாலும் அலை. புட்டும் ஏத்தன் பழமும் சாப்பிட்டுப் படங்களைத் திருவனந்தபுரத்து நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். அவர் பல வருடமாகக் கடல்பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவர். நான் பாரசீகத் திரைவெட்டி என்று பெருமையாக எழுதி வைத்திருந்த படத்தைப் பார்த்து, "டீச்சரே, அது ஆலாதான். வெளிச்சம் ஏமாற்றியது" என்று மெதுவாகச் சொன்னார். குறிப்பேட்டில் அடித்துத் திருத்தினேன்.

அவரிடம் கேட்டேன்: இவை குறைந்துவிட்டனவா? உலக அளவில் 1950 முதல் 2010 வரை, கண்காணிக்கப்பட்ட கடல்பறவைத் தொகை 70 சதவீதம் சரிந்தது என்ற கணக்கை அவர் சொன்னார். அதில் வலை, எலி, எண்ணெய், பிளாஸ்டிக், சூடு எல்லாம் உண்டு, எதற்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம் என்றும் சொன்னார். எனக்கு அவர் பேச்சில் பிடித்தது அந்தக் கடைசிப் பாதி. நம் கடலுக்குப் பழைய கணக்கு இருந்தால்தானே புதிய கணக்கை ஒப்பிட முடியும் என்று அவருக்கு ஆதங்கம். மழைக்காலத்தில் கரையில் தளர்ந்து விழும் பறவையைக்கூட யாராவது தேதி போட்டு எழுதி வைத்தால் பெரிய உதவி என்றார்.

லட்சத்தீவு பற்றியும் பேச்சு வந்தது. கவரத்திக்குப் பக்கத்தில் ஆள் குடியில்லாத பிட்டி என்ற மணல்திட்டில் ஆலாக்கள் கூட்டமாக முட்டையிடுகின்றன. தென்னை கிடையாது, குடிநீர் கிடையாது, வெறும் பவள மணல். பங்காரம் பவளவட்டத்தில் பறளி என்ற குட்டித்தீவுகளில் ஒன்று அலை அரித்து முழுதாகவே இல்லாமல் போனது. பறவைக்கு வேண்டியது நாலு சென்ட் மணல், ஆனால் அது கடலுக்கு மேலே இருக்க வேண்டும்.

மத்தியானம் தூங்கிவிட்டேன்.

நாள் 5: செப்டம்பர் 1, திங்கள். வீடு

களியக்காவிளை வழியாக மார்த்தாண்டம். பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் என் பைனாகுலரைப் பார்த்து, எதற்கு என்று கேட்டார். கடலில் பறவை பார்க்க என்றேன். "காக்காயா?" என்றார். ஆமாம், கடற்காக்காய் என்று சொல்லி முடித்துக்கொண்டேன். சங்கப் பாட்டில் சிறுவெண்காக்கை என்று ஒரு பறவை வருமே, கடற்கரையில் உட்கார்ந்து தலைவியின் துயரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆக, அந்தப் பெண் சொன்னதிலும் தப்பில்லை.

வீட்டுக்கு வந்து துணியை ஊறவைத்தேன். மேலங்கியின் மத்தி வாசம் என் சேலையிலும் ஏறியிருந்தது. மகன், "எத்தனை பார்த்தே?" என்று கேட்டான். ஏழுக்குப் பிறகு எண்ணவில்லை என்றேன். திரும்பவும் சிரிப்பு.

மூன்றரை மணிக்கு வாட்ஸ்அப்பில் அண்ணனிடமிருந்து குரல் செய்தி. காலையில் பதிவு செய்தது, சிக்னல் கிடைத்த பிறகு வந்து சேர்ந்திருக்கிறது. "டீச்சர், இன்னைக்கு அதே இடத்துல நிக்குறேன். உங்களுக்க திரைவெட்டி நெறைய வந்திருக்கு, ஐம்பது அறுபது காணும். எல்லாம் தண்ணியில சும்மா இருக்குவு. ஒண்ணும் முங்கல்ல. மீனும் காணல்ல. கொஞ்ச நேரம் பாக்கேன்."

இரண்டு முறை கேட்டேன். முதல் முறை பறவைக்காக. இரண்டாம் முறைதான் கவனித்தேன், பின்னால் எஞ்சின் சத்தம் இல்லை. வள்ளத்தின் பக்கப்பலகையில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும். மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு, பறவைகளோடு அவரும் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.